பை நிக்கிற வரிசை

பாத்தீங்களாக்கா, இப்பக் கூட போன்ல ஒண்ணு வந்து விழுந்துருக்கு. "கட்டணமில்லா வெபினார். கலந்துகொள்ளும் அனைவருக்கும் இ-சர்டிஃபிகேட். பதிவு செய்ய இந்த லிங்க்கை அழுத்தவும்." அழுத்துறேன், அனுப்புனவன் கழுத்தப் பிடிச்சு அழுத்துறேன். எவன்க்கா கேட்டான் இவங்ககிட்ட ஃப்ரீயா?

ஐயோ, உங்களச் சொல்லல. நீங்க ஏன் தள்ளி ஒக்கார்றீங்க. எனக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பதினாலு வருசமா காலேஜ்ல கணக்கு வாத்தியாரு நான். கிளாசுக்கு அறுபது பிள்ளைங்க, மைக் கெடையாது, ஜன்னலுக்கு வெளிய ஜெனரேட்டர் ஓடும். மெதுவாப் பேசுறது எப்படின்னே மறந்துபோச்சு. நீங்க எங்க, வண்ணாரப்பேட்டையா? நானும் அங்கதான். அங்க எறங்கி யுனிவர்சிட்டிக்கு வேற பஸ் பிடிக்கணும். இப்பத்தானே கோவில்பட்டி தாண்டியிருக்கு, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். இத யார்ட்டயாவது கொட்டலேன்னா எனக்குத் தலை வெடிச்சிரும். ஊருக்குள்ள சொன்னா மறுநா காலைல ஸ்டாஃப் ரூம்ல போயி நிக்கும். நீங்க யாரோ, நான் யாரோ.

வெபினார்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நீங்க குடுத்து வச்சவங்க. எங்கயோ ஒரு காலேஜ்ல ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து பேசுவாரு. நாங்க இருநூறு, முந்நூறு வாத்தியாருங்க அவங்கவங்க போன்ல அதக் கேக்கணும். கேட்டு அறிவ வளத்துக்கிடணும். கொரோனா காலத்துல ஆரம்பிச்ச கூத்து. அது போயும் இது போகல. பேசி முடிக்கும்போது ஒரு ஃபார்ம் வரும். நிகழ்ச்சி எப்படி, பேசுனவர் எப்படி, உங்களுக்குப் பயன்பட்டுச்சான்னு கேட்டிருக்கும். எக்ஸலண்ட், எக்ஸலண்ட், எக்ஸலண்ட்னு தட்டி விட்டா சாயங்காலம் மெயில்ல பூ வளைவு போட்ட சர்டிஃபிகேட் வந்துரும். அந்த ஃபார்ம் பத்து நிமிசந்தான் தெறந்திருக்கும். விட்டா போச்சு.

இஷ்டமிருந்தாக் கேளு, இல்லாட்டிப் போன்னு இருந்தா யாருக்கு என்ன? அப்படி இல்லியே. வருசா வருசம் எங்களுக்கும் ஒரு மார்க் பேப்பர் உண்டு, அப்ரைசல்னு பேரு. எந்தக் கோட்டிக்காரன் போட்டானோ, பாடம் நடத்துறதுக்குப் பத்து மார்க்கு, வெபினாருக்கு இருபது மார்க்கு. மீட்டிங்ல பிரின்சிபால் எந்திரிச்சு, "மேத்ஸ்ல ஏன் வெபினார் கவுண்ட் கம்மியா இருக்கு?"ன்னு எல்லாரும் பாக்க எங்களக் கேப்பாரு. பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறுதா எறங்குதான்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? கேட்டதில்ல.

சரி, வெபினார் எத்தனை மணிக்கு வைப்பாங்க? மத்தியானம் மூணு மணிக்கு. எனக்கு மூணு மணிக்குக் கிளாஸ். எனக்கு மட்டுமா, தமிழ்நாட்டுல எல்லா வாத்தியாருக்கும் மூணு மணிக்குக் கிளாஸ்தான். அதனால எல்லாரும் என்ன பண்ணுவோம், போன்ல உள்ள நுழைஞ்சு, கேமராவ அணைச்சு, மைக்க அணைச்சு, மேசை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டுக் கிளாசுக்குப் போயிருவோம். பேசுறவருக்கு ஸ்க்ரீன் பூரா கட்டங்கட்டமா எங்க பேரு தெரியும். ஒரு மூஞ்சி தெரியாது. இதுல தப்பு என்னக்கா இருக்கு? கூப்பிட்டாங்க, பேரு நிக்குது, மார்க்கு வந்துருது.

அதையும் கெடுத்தாங்க. டிராயர் விசயம் எப்படியோ வெளிய தெரிஞ்சுபோயி, நடுவுல ஒரு சொல்லு சொல்ல ஆரம்பிச்சாங்க. பேசிட்டே இருக்கும்போது திடீர்னு, "இன்றைய சொல் செம்பருத்தி"ம்பாங்க. அத ஃபார்ம்ல எழுதுனாத்தான் சர்டிஃபிகேட். எப்பச் சொல்லுவாங்கன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆக, யாராவது ஒருத்தர் காதத் தெறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். நான் எங்க ஒக்கார? அதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரப் பிடிச்சேன். அன்னைக்குப் பிடிச்சது சனி.

எங்க வீட்டுக்காரர் கூட்டுறவுத் துறைல இருக்காரு. என்னது? எந்த ஆபீஸ்னா... சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ரேஷன் கடைல சேல்ஸ்மேன். அரிசி, பருப்பு எடை போடுறாரு. காலேஜ்ல யாராவது கேட்டா கோ-ஆபரேட்டிவ்னு சொல்லி நிறுத்திக்கிடுவேன். பொய் இல்லல்லா அது? நான் எம்.எஸ்ஸி., எம்.ஃபில். அவரு பத்தாவது. அன்னைக்கு இருந்த நெலமைக்கு எங்கப்பா பண்ணி வச்சாரு. நல்ல மனுசன்தான், இல்லேங்கல. குடி கெடையாது, சீட்டு கெடையாது. வாய் ஒண்ணுதான். பஸ்ஸுல ஏறுனா டிரைவர்கிட்டக் கேள்வி, பேங்குக்குப் போனா கேஷியர்கிட்டக் கேள்வி. "இத ஏன் சார் இப்படி வச்சிருக்கீங்க?" எனக்கு மானம் போகும்.

அவருகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "என் பேருல உள்ள நுழைஞ்சு, தராசுகிட்டப் போன சாத்தி வைங்க. ஒரு காதுல மாட்டிக்கோங்க. சொல்லு வந்தா எழுதிக்கோங்க. ஃபார்ம் வந்தா எக்ஸலண்ட் போடுங்க. வேற எதையும் தொடக்கூடாது." சரின்னாரு. மொத ஒரு மாசம் ஒழுங்காத்தான் இருந்தாரு. அப்புறம் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி ஒக்காந்துட்டு, "வல்லி, கவுத்துப் போட்ட ஒய் மாதிரி ஒரு எழுத்து போடுறாங்களே, அது என்னது?"ங்காரு. செண்பகவல்லி என் பேரு, அவருக்கு வல்லி. அது லேம்டாங்க, உங்களுக்கு எதுக்கு அது, சொல்லு எழுதுனீங்களான்னேன். "அது எழுதிட்டேன். லேம்டான்னா மணிக்கு எத்தனை பேரு வர்றாங்கங்கிற கணக்காம்ல. நம்ம கடைல நான் எண்ணிப் பாத்தேன், மாசம் பொறந்தா ஒரு லேம்டா, மாசக் கடைசில ஒரு லேம்டா." எப்படி இருக்கும் எனக்கு? நாள் பூரா அதையே கத்திட்டு வந்து ஒக்காந்தா இங்கயும் லேம்டா. பேசாம ரசத்த ஊத்திச் சாப்பிடுங்கன்னுட்டேன். ஒரு நோட்டு வேற போட்டு எழுத ஆரம்பிச்சாரு. நான் பிரிச்சுப் பாக்கல. பாத்திருந்தா அப்பவே பிடுங்கிப் போட்டிருப்பேன்.

ஆனா சர்டிஃபிகேட் வந்துச்சுக்கா, அதச் சொல்லணும். ரெண்டு வருசத்துல நூத்தி எண்பத்தேழு. ஸ்பைரல் போட்டு வச்சிருக்கேன், செங்கல் தண்டி இருக்கும். காலேஜ்லயே நான்தான் ஃபர்ஸ்ட். பிரின்சிபால் என்னைக் காட்டி மத்தவங்களத் திட்டுனாரு.

நானே ஒரு தடவ வெபினார்ல பேசியிருக்கேன், தெரியுமா. முந்நூத்திப் பன்னெண்டு பேரு. ஒரு வாரம் தயார் பண்ணேன், நல்ல பட்டுச்சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டு ஒக்காந்தேன். நான் வாயத் தெறக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தன் "எக்ஸலண்ட் செசன் மேம்"னு போடுறான்க்கா! ஆரம்பிக்கவே இல்ல! முடிச்சுட்டு, எனி டவுட்ஸ்னு கேட்டேன். ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு தடவ கேட்டேன். "ஃபார்ம் எப்ப வரும்?"னு மட்டும் நாப்பது பேரு கேட்டாங்க. என்ன ஜென்மங்க இதெல்லாம்? ஒரு மனுசி தொண்டத்தண்ணி வத்தப் பேசுறாளே, ஒருத்தராவது கேக்க வேண்டாமா? அன்னைக்குச் சேலையக் கூட மாத்தாம அழுதேன்.

சரி, அது கெடக்கட்டும். எங்க எச்.ஓ.டி., டிபார்ட்மெண்டுக்குத் தலைவரு, போன மே மாசம் ரிட்டயர்டு ஆனாரு. எடம் காலி. சீனியர் யாரு? நான். சர்டிஃபிகேட் யாருக்குக் கூடுதல்? எனக்கு. எனக்கு அடுத்து இருக்கிறவ சுபாஷிணி, வந்து ஆறு வருசந்தான் ஆகுது. கிளாஸ் இருக்குன்னு சொல்லி வெபினாருக்கே போகமாட்டா. மொத்தமே நாலு சர்டிஃபிகேட். நாலு! எடம் எனக்குத்தான்னு ப்யூன் வரைக்கும் சொல்லிட்டான். நானும் எச்.ஓ.டி. ரூம்ல மேசைய எந்தப் பக்கம் போடலாம்னு யோசிச்சு வச்சுட்டேன்.

இன்டர்வியூக்கு மூணு பேரு. செக்ரட்டரி, பிரின்சிபால், அப்புறம் யுனிவர்சிட்டில இருந்து ஒரு மேடம். எமல்டா மேடம்னு பேரு. நரைச்ச முடி, கைத்தறிச் சேலை, பாத்தா ரொம்பச் சாதாரணமா இருந்தாங்க. என் செங்கல மேசை மேல வச்சேன். செக்ரட்டரி எடை பாக்குற மாதிரி தூக்கிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. அந்த மேடம் என் பேரப் படிச்சாங்க. படிச்சவங்க அப்படியே எந்திரிச்சுட்டாங்கக்கா. "கோவில்பட்டி செண்பகவல்லியா? நீங்கதானா அது? ஒரு வருசமா உங்களப் பாக்கணும்னு இருக்கேன்!"னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. பிரின்சிபால் மொகத்துல பல்பு எரியுது. மேடம் அவருகிட்டத் திரும்பிச் சொல்றாங்க. "சார், போன வருசம் வரிசைக் கணக்கப் பத்தி ஒரு வெபினார்ல பேசுனேன். இருநூத்தி அறுபது பேரு இருந்தாங்க. இவங்க ஒருத்தங்கதான் கேள்வி கேட்டாங்க. என் இருபத்தஞ்சு வருச சர்வீஸ்ல அப்படி ஒரு கேள்விய யாரும் கேட்டதில்ல. இருபது நிமிசம் ரெண்டு பேரும் எழுதி எழுதிச் சண்ட போட்டோம். கடைசில நான்தான் யோசிச்சுச் சொல்றேன்னு தப்பிச்சேன். செண்பகவல்லி, அந்தக் கேள்விய இவங்களுக்குச் சொல்லுங்களேன்."

சொல்லுங்களேன்! என்னத்தச் சொல்ல? வரிசைக் கணக்குன்னா, வரிசைல நிக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு உண்டுக்கா. மணிக்கு எத்தனை பேரு வர்றாங்க, ஆளுக்கு எத்தனை நிமிசம் ஆகுது, கடைசில நிக்கிறவங்களுக்கு எப்பக் கெடைக்கும்னு போட்டுக் கண்டுபிடிக்கலாம். பதினோரு வருசமா நடத்துறேன், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதயே ஆரம்பத்துல இருந்து ஒப்பிச்சேன். மேடம் கொஞ்ச நேரம் கேட்டாங்க. "அது சரி, அது புத்தகத்துல இருக்கு. நீங்க பையப் பத்திக் கேட்டீங்களே?"ன்னாங்க. எந்தப் பை? என்ன பை? எனக்கு எப்படிக்கா தெரியும்? "நெட் ப்ராப்ளம் மேடம், அன்னைக்குக் கட் ஆயிருச்சு"ன்னேன். "இல்லியே, இருபது நிமிசம் இருந்தீங்களே." "பதட்டத்துல மறந்துபோச்சு மேடம்." அவ்வளவுதான். அவங்க மொகம் வாடிப்போச்சு. கோவமா பாத்திருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். எனக்காக வருத்தப்படுற மாதிரி பாத்தாங்க.

எச்.ஓ.டி. யாரு? சுபாஷிணி. நாலு சர்டிஃபிகேட் சுபாஷிணி! அந்த நாலையும் பத்தி என்ன கேட்டாலும் சொன்னாளாம். நாலே நாலுன்னா யாருக்குத்தான் ஞாபகம் இருக்காது? இப்ப அவகிட்டப் போயி லீவு லெட்டர்ல கையெழுத்து வாங்குறேன். "உக்காருங்க மேம்"னு மரியாதையாச் சொல்றா. அந்த மரியாதையப் பாத்தாத்தான் எனக்கு இன்னும் எரியுது.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஆடித் தீத்துட்டேன். "சொல்ல எழுதச் சொன்னா கேள்வியா எழுதுவீங்க? அறிவிருக்கா? என் பேருல என்னத்த எழுதித் தொலைச்சீங்க?"ன்னேன். அவரு நிதானமா நோட்ட எடுத்துட்டு வந்து காட்டுறாரு. "மேடம், உங்க கணக்குல வரிசைல நிக்கிறது ஆளு. எங்க கடைல ஆளு வீட்டுக்குப் போயிரும், பைதான் நிக்கும். ஆறு பைக்கு ஒரு ஆளு காவல். பையோட முறை வந்ததும் ஆள் எங்கன்னு தேடணும். அந்தத் தேடுற நேரத்துக்கு உங்க கணக்குல எடம் இல்லியே?" இதுதான் கேள்வி. அந்த மேடம், பைய எண்ணக்கூடாது, ஆள மட்டும் எண்ணுங்கன்னு பதில் போட்டிருக்காங்க. இவரு விடுறாரா? "பைய எண்ணாட்டி எங்க கடைல சண்ட வரும் மேடம். ஆனா மழை பேஞ்சா பை நனையும்னு எல்லாரும் நேர்ல வந்துருவாங்க. அன்னைக்கு மட்டும் உங்க கணக்கு அச்சுப் பெசகாம வருது"ன்னு எழுதியிருக்காரு. பாத்துக்கிடுங்க. ஆளே இல்லாம பை நிக்குதாம், அத ஒரு பெரிய விசயம்னு ஒரு யுனிவர்சிட்டி மேடத்துகிட்டப் போயிச் சொல்லியிருக்காரு. ஊர்ல எல்லாக் கடைலயும் நடக்கிறதுதானே அது!

"ஏன் கேட்டீங்க? ஏன்? அத மட்டும் சொல்லுங்க"ன்னேன். "அந்த மேடம் 'எனி டவுட்'னு ரெண்டு தடவ கேட்டாங்க வல்லி. யாருமே வாயத் தெறக்கல. பாவமா இருந்துச்சு"ன்னாரு. பாவமாம்! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு யாரோ ஒரு மேடத்துக்குப் பாவம் பாக்குறாரு. அன்னைக்கோட எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. வெபினாரும் வேண்டாம், ஹெட்செட்டும் வேண்டாம்னுட்டேன். சரின்னுட்டாரு. அப்புறம் ஒரு மாசம் வீட்டுல பேச்சே இல்ல. சாப்பாடு, தூக்கம், கடை. கேள்வி கேக்குறதையே விட்டுட்டாரு. நல்லா அமைதியாத்தான் இருந்துச்சு.

கயத்தாறு தாண்டியாச்சா? தண்ணி வேணுமாக்கா? குடிங்க, வீட்டுத் தண்ணிதான்.

இப்ப எங்க போறேன்னு கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அந்த மேடத்துகிட்ட இருந்து மெயில் வந்துச்சு. எனக்கு. "அன்னைக்கு இன்டர்வியூ பதட்டத்துல உங்களுக்குச் சரியாப் பேச வரலேன்னு நினைக்கிறேன். உங்க கேள்விய வச்சு ஒரு ஆராய்ச்சி ஆரம்பிக்கிறேன். பன்னெண்டாம் தேதி நேர்ல வாங்க. உங்க பேரச் சேத்துக்கிடலாம், என்கிட்டயே பி.எச்டி.க்கும் பதிஞ்சுக்கிடலாம்." பி.எச்டி., அக்கா! பதினாலு வருசமா எத்தனை பேரு வாசல்ல போயி நின்னுருக்கேன். கைடா இருங்க சார், கைடா இருங்க மேடம்னு. எடம் இல்ல, எடம் இல்ல, அடுத்த வருசம் பாக்கலாம். டாக்டர் பட்டம் இல்லேங்கிறதுக்காக எத்தனை சின்னப் பிள்ளைங்களுக்குக் கீழ கையக் கட்டி நின்னுருக்கேன். இப்ப ஒருத்தங்க தானா வான்னு கூப்பிடுறாங்க. வேண்டாம்னு சொல்ல நான் என்ன கிறுக்கியா?

அவருகிட்ட மெயிலப் பத்திச் சொல்லல. ஏன் சொல்லணும்? அவருக்கு எதுக்கு பி.எச்டி.? அவரு டாக்டர் ஆகப்போறாரா? என் பேருலதான கேட்டாரு, அப்ப என் கேள்விதான அது? நான் நைசா, "பிள்ளைகளுக்கு உங்க கடைய உதாரணமாச் சொல்லப்போறேன், கொஞ்சம் வெளக்குங்க"ன்னேன். ஒரு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் அவரு மொகத்துல வெளிச்சமே வந்துச்சு. பத்து நாளு. டெய்லி கடைய அடச்சுட்டு வந்து, நோட்ட விரிச்சு வச்சுட்டுச் சொல்லிக் குடுத்தாரு. எந்த நாள்ல எத்தனை பை, எத்தனை ஆளு, தேட எத்தனை நிமிசம், எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்காரு. நான் நடுவுல புரியாம முழிச்சா, மொதல்ல இருந்து சொல்லுவாரு. ஒரு தடவ கூடச் சலிக்கல. நல்லாச் சொல்லிக் குடுக்கிறாரு, பாவி மனுசன். என்னை விட நல்லா.

இப்ப எல்லாம் மண்டைல இருக்கு. அந்த மேடம் எங்க தட்டுனாலும் சொல்லுவேன். காலைல பரிட்சைப் பேப்பர் திருத்தப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டாரு. பஸ் எடுக்கும்போது ஜன்னல்கிட்ட ஓடி வந்து, "வல்லி, மழை நாளு கணக்கச் சொல்ல மறந்துராத. அந்த மேடத்துக்கு அதுதான் பிடிபடாம இருந்துச்சு"ன்னு கத்துறாரு. சரி சரி போங்கன்னுட்டேன்.

என்னக்கா? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

பேப்பர் திருத்துறதுல மேடம் எங்க வந்தாங்கன்னா... ஆமா, அந்த மேடம்னாருல்ல. நான்தான் சொல்லவே இல்லியே. மெயிலா? மெயில் எனக்குத்தான் வந்துச்சு, நான்தான் பாத்தேன். சர்டிஃபிகேட்டெல்லாம் வர்ற அதே மெயில்தான். அத யாரு தெறப்பான்னா... அவருதான் தெனமும்... எனக்கு எங்க நேரம்...

இருங்க. இருங்கக்கா, ஒரு நிமிசம்.

ஹலோ. என்னத்த ஹலோ? நான்தான். அந்த மேடம் மெயில நீங்க படிச்சீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. எப்ப? ஏன் சொல்லல? ... நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க, அங்க யாரு நிக்கிறா, எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு நான் கேட்டேனா? ... கடையப் பூட்டிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வாங்க. வெள்ளச் சட்ட இஸ்திரி போட்டு இருக்கு. ... வர முடியாதா? ஏன் முடியாது? ஹலோ? ஹலோ?

வச்சுட்டாருக்கா. மாசம் பொறந்து ரெண்டாவது வாரம், கூட்டம் நிக்குது, வரமுடியாதாம். "நீயே போயிட்டு வா"ங்காரு. படிச்சது நெசந்தானாம். எனக்கு முன்னாடியே படிச்சுட்டாராம். "நீ சொல்லுவேன்னு ரெண்டு நாளு பாத்தேன், சொல்லல. சரி, உனக்கு வேணும்போலன்னு விட்டுட்டேன்"ங்காரு. உனக்கு வேணும்போல! கேட்டீங்களா? அரிசி வேணுமா, கோதுமை வேணுமாங்கிற மாதிரி. தெரிஞ்சுக்கிட்டே பத்து நாளு ஒக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. நான் இவர ஏமாத்துறேன், ஏமாத்துறேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். காலைல அவரு மொகத்தப் பாக்காமத் தோசை ஊத்துனேன். திருடக்கூட விடலியேக்கா என்னை இந்த மனுசன்! யாரு கேட்டா இவருகிட்ட? இவரு யாரு எனக்கு விட்டுக் குடுக்க?

நான் அழல. கோவம். எனக்குக் கோவம் வந்தாலும் தண்ணி வரும். அவரு மேல இல்ல... அவரு மேலதான். எல்லார் மேலயும்தான். அந்த பிரின்சிபால் மேல, அந்த இருபது மார்க்கு மேல. பதினாலு வருசம் சொல்லிக் குடுத்தேனே, எனக்கு ஏன்க்கா ஒரு நாளும் அப்படி ஒரு கேள்வி வரல? தெனமும் அதத்தான நடத்துறேன். மாசாமாசம் அதே கடைல நானும்தான சாமான் வாங்குறேன். எனக்கு ஏன் தோணல?

தாழையூத்து போயிருச்சு. பாலம் வரப்போகுது, நீங்க எந்திரிச்சு நில்லுங்க, இந்த டிரைவர் நிறுத்தமாட்டான். பாத்து, கம்பியப் பிடிச்சுக்கோங்க. மேடத்துகிட்ட என்ன சொல்லப் போறேன்னா கேக்குறீங்க? தெரியல. நெசமாத் தெரியல. போனதும் பேரச் சொல்லச் சொல்லுவாங்க, ஆராய்ச்சிப் பேப்பர்ல பேரு எழுதணும்ல. இவ்வளவு நேரம் பேசுனேன், அவரு பேர உங்ககிட்டச் சொல்லவே இல்ல பாருங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு பேரு என் வாயில வந்ததில்ல. எம்.ஃபில். படிச்சு என்ன, எங்க வீட்டுல யாரும் வீட்டுக்காரர் பேரு சொல்ல மாட்டோம்.

சுடலைமுத்து. அவரு பேரு சுடலைமுத்து. "மேடம், அந்தக் கேள்வி சுடலைமுத்து கேட்டது."

பஸ்ஸுல வருது. அங்க வருதான்னு பாக்கணும்.